குடியிருக்கிற ஓனரையே சம்பளம் கொடுத்து கேர்டேக்கரா வெச்சுக்கலாமா?

மடிப்பாக்கம்_செகரட்டரி:

எல்லாருக்கும் வணக்கம். எங்களது 18 வீடு உள்ள அபார்ட்மென்ட். ஸ்டில்ட் பார்க்கிங், மேல மூணு மாடி, ஒரு லிப்ட், ஒரு போர்வெல், ஒரு சம்ப் (தரைக்கு அடியில இருக்கற தண்ணித் தொட்டி). மெட்ரோ வாட்டர் கனெக்ஷன் இருக்கு, ஆனா அதை நம்பி பல்லு கூட வெளக்க முடியாது. ஓனருங்களே குடியிருக்கிறது 7 வீடுதான், மிச்சமெல்லாம் வாடகை, அந்த ஓனருங்க பெங்களூரு, துபாய், அமெரிக்கான்னு இருக்காங்க. நான்தான் செகரட்டரி. எப்படி ஆனேன்னு கேக்காதீங்க, மீட்டிங்குக்கு லேட்டா போனவன் தலையில கட்டிட்டாங்க.

விஷயம் என்னன்னா, பல வருஷமா இருந்த வாட்ச்மேன் பொங்கலுக்கு ஊருக்குப் போறேன்னு போனவர் திரும்பி வரவே இல்ல, அங்கயே மகன் கூட இருந்துட்டாராம். அதுக்கப்புறம் ஏஜென்சில சொல்லி ரெண்டு ஷிப்டுக்கு ஆள் போட்டோம். கேட்ல சேர் போட்டு உக்காருவாங்க, வர்ற வண்டி நம்பர் எழுதுவாங்க, அவ்ளோதான். ஆள் மாறிட்டே இருக்கு, நேத்து வந்தவருக்கு எந்த வால்வ் எந்தப் பக்க டேங்க்னு சொல்லிக் கொடுத்தா இன்னைக்கு வேற ஒருத்தர் நிக்கறார். போன மாசம் சம்ப்ல தண்ணி இல்லாம மோட்டார் சும்மா ஓடி காயில் கருகிடுச்சு, ரீவைண்டிங் பண்ணி வர்ற வரைக்கும் 18 வீடும் என் போன்ல. ஆபீஸ் கால்ல இருக்கும்போது லிப்ட் மெக்கானிக் கீழ நின்னுட்டு "சார் மெஷின் ரூம் சாவி யார்கிட்ட"ன்னு கேக்கறார்.

இப்போ ரெண்டாவது மாடில ஒரு சார் இருக்கார், மின்வாரியத்துல இருந்து ரிடையர் ஆனவர், 63 வயசு, நல்ல திடமா இருக்கார், கை வேலை தெரியும். ஏற்கனவே பாதி விஷயம் அவர்தான் சும்மாவே பாத்துட்டு இருந்தார். அவரே வந்து கேட்டார், மாசம் 12,000 கொடுங்க, மெயின்டனன்ஸ் 3,500-ஐ தள்ளிடுங்க, தண்ணி, மோட்டார், லிப்ட், கிளீனிங் ஆள், ரிப்பேர் எல்லாம் நான் பாத்துக்கறேன், பகல் ஷிப்ட் ஏஜென்சி ஆளை நிறுத்திடலாம்னு. கணக்குப் போட்டுப் பாத்தா பெருசா செலவு கூடாது.

ஆனா கமிட்டில ரெண்டு பட்டுப் போச்சு. ஒருத்தர் "ஓனருக்கு ஓனர் சம்பளம் கொடுக்கறதா, அசிங்கமா இருக்கு"ங்கறார். இன்னொருத்தர் "நாளைக்கு வேலை சரியில்லன்னா அவரை என்ன பண்ணுவீங்க"ங்கறார். அந்த சார் இப்ப கமிட்டி மெம்பர் வேற. உங்க பில்டிங்ல யாராச்சும் இப்படி வெச்சிருக்கீங்களா, எப்படிப் போகுது, டாக்ஸ் பக்கம் ஏதாவது வருமா, எழுத்துல என்ன போட்டுக்கணும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


வேளச்சேரி_பழைய_டிரெஷரர்:

தம்பி, உங்க ரெண்டாவது கமிட்டி மெம்பர் கேட்டதுதான் கேள்வி. சம்பளம் கொடுக்கலாமா கூடாதாங்கறதெல்லாம் பெரிய விஷயமே இல்ல, தாராளமா கொடுக்கலாம். வாட்ச்மேனை நிறுத்தினா பெட்டியைக் கட்டிட்டுப் போயிடுவார், ஏஜென்சி ஆளைப் பிடிக்கலன்னா ஒரு போன் போட்டா வேற ஆள் வருவார். இவர் எங்க போவார்? மறுநாளும் உங்க கூட அதே லிப்ட்லதான் இறங்குவார், அதே வாட்ஸ்அப் குரூப்ல இருப்பார், வருஷப் பொதுக்குழுல (ஏஜிஎம்) அவருக்கும் ஒரு ஓட்டு இருக்கு.

எங்க பில்டிங்ல இதேதான் நடந்துச்சு. கிரவுண்ட் ஃப்ளோர் ஓனர் ஒருத்தர், கம்பெனில இருந்து விஆர்எஸ் வாங்கினவர், அவரைப் போட்டோம். நான் நல்லதையும் சொல்லிடறேன், மனுஷன் வேலைல சுத்தம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வேளச்சேரி என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். அன்னைக்கு ராத்திரி தெருவுல தண்ணி கணுக்கால் அளவு வரும்போதே அவர் வீடு வீடா பெல் அடிச்சு காரையெல்லாம் எடுக்க வெச்சார், லிப்டை மேல் மாடிக்கு ஏத்தி நிறுத்தி ஆஃப் பண்ணார், சம்ப் மூடிக்கு மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டு மணல் மூட்டை வெச்சார், அப்புறம் மெயினை இறக்கினார். பக்கத்து பில்டிங்ல லிப்ட் கீழயே நின்னு லிப்ட் குழிக்குள்ள தண்ணி பூந்து, அவங்க படிக்கட்டு ஏறி இறங்கி அலுத்துட்டாங்க, எங்களது கரண்ட் வந்த அன்னைக்கே ஓடிச்சு. ஏஜென்சி ஆள் இதையெல்லாம் செய்ய மாட்டான், அவன் வீடே தண்ணில இருக்கும், அவனைக் குறை சொல்றதுல அர்த்தமில்ல.

அப்புறம் எங்க கெட்டுச்சுன்னா, எழுத்துல எதுவும் இல்ல. சம்பளத்தை ஏத்துங்கன்னார், கமிட்டி யோசிக்கறோம்னு சொல்லுச்சு, அவர் மெயின்டனன்ஸ் கட்டறதை நிறுத்திட்டு "அதுல கழிச்சுக்கோங்க"ன்னார். தண்ணி லாரி இவர்தான் சொல்லுவார், காசும் இவர் கையாலதான் போகும், அதனால "லாரிக்காரன்கிட்ட கமிஷன்"னு ஒருத்தர் குரூப்ல எழுதிட்டார். கமிஷன் வாங்கினாரா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது, ஆனா அவர் மனசு விட்டுப் போச்சு, மோட்டார் ரூம் சாவியை ரெண்டு மாசம் திருப்பிக் கொடுக்கல. கடைசில பூட்டை உடைச்சு மாத்தினோம். அவங்க வீட்டம்மாவும் என் வீட்ல இருக்கறவங்களும் கோயிலுக்கு ஒண்ணா போறவங்க, அதுவும் நின்னுச்சு.

அதனால என் கட்சி இது. வைங்க, ஆனா 11 மாசத்துக்கு மட்டும் வைங்க. அதுக்கு மேல வேணும்னா புதுசா தீர்மானம் போட்டு நீட்டிங்க. அப்போ "நிறுத்தறோம்"னு யாரும் யார் மூஞ்சியையும் பாத்து சொல்ல வேண்டியதில்ல, காலம் முடிஞ்சுது அவ்ளோதான். காசு அவர் கை வழியா போகவே கூடாது, லாரிக்காரனுக்கும் பிளம்பருக்கும் அசோசியேஷன் அக்கவுண்ட்ல இருந்து நேரா ஜிபே போகட்டும், இவர் சீட்டுல கையெழுத்து மட்டும் போடட்டும். அவரைப் பாதுகாக்கறதுக்கும் இதுதான் வழி.


நங்கநல்லூர்_ரவுசு:

ஓனருக்கு எதுக்கு சார் சம்பளம்? சொந்த வீட்டைப் பாத்துக்க காசு கேக்கறது என்ன பழக்கம்? எங்க காலனில ரிடையர் ஆனவங்க எல்லாரும் சேவையா செய்யறாங்க. ரிடையர் ஆனவருக்கு பென்ஷன் வருதுல்ல, அப்புறம் என்ன.


மடிப்பாக்கம்_செகரட்டரி:

சார், சேவைன்னா நீங்க வந்து ஒரு வாரம் விடிகாலை 5 மணிக்கு எங்க மோட்டார் போட்டுட்டுப் போங்க, டிபன் நான் வாங்கித் தர்றேன் 😄. பென்ஷன் அவர் 30 வருஷம் கம்பம் ஏறினதுக்கு வர்றது, எங்க சம்ப்புக்கு இல்ல. இத்தனை நாள் சும்மா பாத்தார், அதனாலதான் எதையும் உரிமையா கேக்க முடியல. சும்மா செய்யறவர்கிட்ட "ஏன் லேட்டு"ன்னு எப்படிக் கேக்கறது?

வேளச்சேரி சார், 11 மாசம் நல்ல ஐடியா, நோட் பண்ணிக்கிட்டேன்.


கோவை_அக்கா:

இங்க நான் வர்றது நல்லதுங்க, ஏன்னா நீங்க கேக்கற அந்த ஓனர் கேர்டேக்கர் நான்தான். கோயமுத்தூர்ல, வடவள்ளிப் பக்கம், 8 வீடு, ரெண்டு மாடி, லிப்ட் இல்லைங்க. எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போறார், பசங்க வெளியூர்ல, நான் வீட்டுலயேதான் இருக்கேன்னு எல்லாரும் சேர்ந்து என்னையே பாருங்கன்னாங்க. மாசம் 5,000 தர்றாங்க. கூட்டிப் பெருக்க ஒரு அம்மா தனியா வர்றாங்க.

இந்த வேலை வெளிய இருந்து பாக்கறவங்களுக்குப் புரியாதுங்க. எங்களுக்கு நல்ல தண்ணி, உப்புத் தண்ணின்னு ரெண்டு லைன், ரெண்டு தொட்டி. சிறுவாணித் தண்ணி எப்ப விடுவாங்கன்னு நேரங்காலம் இல்ல, தெருவுல குழாய் "புஸ்"ஸுன்னு காத்து விட்டா எந்திரிச்சு ஓடணும், கேட் வால்வைத் திறந்து நல்ல தண்ணித் தொட்டிக்குத் திருப்பணும், நெறஞ்சதும் மூடணும். மூட மறந்தா ரோடெல்லாம் ஓடும், எதிர் வீட்டுக்காரங்க சத்தம் போடுவாங்க. வெயில் காலத்துல லாரித் தண்ணி வாங்கினா நான் லாரி மேல ஏறி மூடியைத் தூக்கிப் பாத்துட்டுத்தான் ஹோஸைப் போட விடுவேன். கழுத்து வரைக்கும் இருக்கா, கலங்கலா இருக்கா, மோந்து பாத்தா வாடை வருதான்னு. வடிச்சு முடிச்சதும் மறுபடி ஏறிப் பாப்பேன், அடியில கொஞ்சம் மிச்சம் வெச்சுட்டு அடுத்த தெருவுல விக்கறவங்க இருக்காங்க. மொதல் தடவை நான் சேலையைச் செருகிட்டு ஏறினதைப் பாத்து டிரைவர் சிரிச்சார், இப்ப அவரே மூடியைத் திறந்து வெச்சுட்டு "வாங்கக்கா"ங்கறார்.

ஆனா சம்பளம் வாங்க ஆரம்பிச்சதும் பேச்சு மாறுச்சுங்க. அதுவரைக்கும் "அக்கா கொஞ்சம் மோட்டார் போடறீங்களா"ன்னவங்க, "மோட்டார் போடலையா"ன்னாங்க. ஒரு வீட்ல குடியிருக்கிற பொண்ணு, நல்ல பொண்ணுதான், கூரியர் வந்தா வாங்கி மேல கொண்டுவந்து குடுங்கன்னுச்சு. இன்னொருத்தர் அவர் வண்டியைத் தொடைக்க ஆள் வரலைன்னு எனக்கு போன் பண்றார். நான் இந்த வீட்டுக்கு ஈஎம்ஐ கட்டி முடிச்சவ, உங்கள மாதிரியே இந்த எடத்துல பங்கு இருக்கறவ, அது 5,000 ரூபாய்ல மறந்து போகுதுங்க. அதனால தலைவர்கிட்டச் சொல்லி ஒரு தாள்ல எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டிப்போட்டேன். என்னோட வேலை பொது இடம் மட்டும், வீட்டுக் கதவுக்கு உள்ள இருக்கறது எதுவும் என் வேலை இல்ல. காலைல 6-ல இருந்து 9, சாயங்காலம் 4-ல இருந்து 7, அதுக்கு நடுவுல தண்ணி, கரண்ட், தீ, யாராச்சும் மாட்டிக்கிட்டாங்கன்னா மட்டும் கூப்பிடுங்க. ஞாயித்துக்கிழமை தலைவர் வீட்டுப் பையன் மோட்டார் போடுவான்.

அப்புறம் போன். என் நம்பரைக் குடுத்தா சோத்துல கை வைக்கும்போதெல்லாம் அடிக்கும். சங்கத்துப் பேருல ஒரு சின்ன போன் வாங்கிக் குடுங்க, நேரம் முடிஞ்சா தலைவர் வீட்டுக்குப் போயிரும். நாளைக்கு ஆள் மாறினாலும் நம்பர் மாறாது பாருங்க, பிளம்பர், லாரி, ஈபி எல்லார்கிட்டயும் அந்த நம்பர்தான் இருக்கும்.

சம்பளத்துக்குப் பிரயோஜனம் இல்லாமயும் இல்லைங்க. 2023 கடைசில அரசாங்கம் பொது கரண்டுக்கு ரேட்டைக் குறைச்சுச்சு, 10 வீட்டுக்குள்ள, மூணு மாடிக்குள்ள, லிப்ட் இல்லாத பில்டிங்னா யூனிட் 8 ரூபாய்ல இருந்து 5 ரூபாய் 50 காசு. எட்டு வீட்ல ஒருத்தரும் கவனிக்கல. நான் மாசாமாசம் மீட்டரை நோட்டுல எழுதறவ, அதனால பில்லைப் பாத்ததும் பழைய ரேட்டுலயே வருதேன்னு ஈபி ஆபீசுக்குப் போயி எழுதிக் குடுத்து மாத்தினேன். உங்களுக்கு லிப்ட் இருக்கு, அது கிடைக்காது, ஆனா அந்த மாதிரி பாக்கற கண்ணு ஒருத்தருக்கு வேணுமுங்க. உங்க சார் மின்வாரியத்துல இருந்தவர்னா விடாதீங்க.


ஆடிட்டர்_ஆபீஸ்_ஆள்:

டாக்ஸ் பக்கம் நான் சொல்றேன், எங்ககிட்ட அபார்ட்மென்ட் அசோசியேஷன் கணக்கு நிறைய வருது.

முதல்ல அந்த மெயின்டனன்ஸ் தள்ளுபடியை எடுத்துடுங்க. 12,000 கொடுத்து 3,500 தள்ளினா அவருக்கு நீங்க கொடுக்கறது 15,500. அதை 15,500-ன்னே எழுதி அக்கவுண்ட்ல போடுங்க, அவர் எல்லாரையும் போல 3,500-ஐ திருப்பி கட்டட்டும். காசு ஒண்ணுதான், ஆனா கணக்குல 18 வீடும் கட்டினதா இருக்கும். தள்ளுபடின்னு போட்டா ஆறு மாசம் கழிச்சு வேலையை விட்ட பிறகு எந்த மாசம் வரைக்கும் தள்ளுபடின்னு சண்டை வரும், வேளச்சேரி சார் சொன்ன "கழிச்சுக்கோங்க" கதை அங்கதான் ஆரம்பிக்கும். புதுசா வீடு வாங்கறவர் பாக்கி இல்லன்னு நோ டியூஸ் சர்டிபிகேட் கேட்டு வரும்போதும் சிக்கல்.

அடுத்தது டிடிஎஸ், அதாவது காசு கொடுக்கும்போதே வரியைப் பிடிச்சு கட்டறது. சம்பளம்னு வெச்சா, அவரோட மொத்த வருமானம் வரி வர்ற அளவுக்கு இருந்தாத்தான் பிடிக்கணும். அவருக்கு பென்ஷன் இருக்கு, அதையும் சேர்த்துப் பாக்கணும், அவர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க. காண்ட்ராக்ட்னு வெச்சா வருஷத்துல 1 லட்சத்தைத் தாண்டினா 1 சதவீதம் பிடிக்கணும், 15,500 வீதம் 12 மாசம்னா 1,86,000, கண்டிப்பா தாண்டும். உங்க அசோசியேஷன் சொசைட்டிஸ் ஆக்ட்ல ரிஜிஸ்டர் ஆனதுன்னா "நாங்க சின்ன சங்கம், எங்களுக்கு இல்ல"ன்னு சொல்ல முடியாது. வரி பிடிக்கறவங்களுக்கான டான் நம்பர் எடுக்கணும், அவர் பான் கொடுக்கணும், பான் இல்லன்னா 20 சதவீதம். எதுவா இருந்தாலும் அவர் ரிட்டர்ன்ல இந்த வருமானத்தைக் காட்டணும், அதை முதல்லயே சொல்லிடுங்க, பின்னாடி தெரிஞ்சு கோச்சுக்கறவங்க இருக்காங்க.

ஜிஎஸ்டி பத்தி யாராவது பயமுறுத்தினா, ஒரு வீட்டுக்கு மாசம் 7,500-க்குள்ள இருக்கற வரைக்கும் கவலை வேண்டாம், உங்களது 3,500. ஈஎஸ்ஐ பத்து பேர் வேலை செய்யற இடத்துக்குத்தான், பிஎஃப் இருபது பேர், உங்களுக்கு ரெண்டும் வராது.

கமிட்டில இருந்து அவர் ராஜினாமா பண்ணிட்டுத்தான் இதுக்கு வரணும். செலவுக்கு ஓகே சொல்ற இடத்துலயும் இருந்துட்டு சம்பளமும் வாங்கினா எந்த ஆடிட்டரும் கேள்வி கேப்பார். பைலாவை (சங்க விதிகளை) எடுத்துப் பாருங்க, முக்கால்வாசி பைலால கமிட்டி பதவி கௌரவப் பதவி, சம்பளம் கிடையாதுன்னு எழுதியிருக்கும். தமிழ்நாடு அபார்ட்மென்ட் ஓனர்ஷிப் புது சட்டம் 2022-ல போட்டது, 2024-ல நடைமுறைக்கு வந்துடுச்சு, 1994 சட்டம் போயாச்சு. உங்க பைலா பழசா இருந்தா இந்தச் சாக்குல அதையும் ஒரு தடவை வக்கீல்கிட்ட காட்டிடுங்க.


ஷார்ஜா_ஃபிளாட்_ஓனர்:

வெளிநாட்டுல இருக்கற ஓனர் பக்கம் ஒரு வார்த்தை. எனக்கு மேடவாக்கத்துல ஒரு ஃபிளாட், வாடகைக்கு விட்டிருக்கேன். எங்களை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, பில் மட்டும் வரும். ஸ்பெஷல் கலெக்‌ஷன் 5,000, எதுக்குன்னா "மோட்டார்". எந்த மோட்டார், என்ன ஆச்சு, ஒண்ணும் தெரியாது.

அங்கயே குடியிருக்கற ஒரு ஓனர் பொறுப்பா இருந்தா நான் சந்தோஷமா பங்கு தருவேன், எனக்கு வேண்டியது மாசம் ஒரு தடவை போட்டோவோட ஒரு மெசேஜ், அவ்ளோதான். ஆனா ஒரு நெருடல் இருக்கு. குடியிருக்கற ஓனர் வாடகைக்கு இருக்கறவங்களை எப்படி நடத்துவார்? எங்க பில்டிங்ல "ஓனர்ஸுக்கு மட்டும்"னு மொட்டை மாடிக்குப் பூட்டு போட்டுட்டாங்க, என் வாடகைக்காரங்க துணி காயப்போட முடியாம வீட்டுக்குள்ளயே கயிறு கட்டினாங்க. பார்க்கிங்லயும் அதே கதை. சம்பளத்துல 11 வீட்டோட பங்கு வாடகை வீட்டு மெயின்டனன்ஸ்ல இருந்துதான் வருது, இதை அவர்கிட்ட நாசூக்கா சொல்லி வைங்க. புகார் வந்தா யார்கிட்ட போகணும்னும் வாடகைக்காரங்களுக்குத் தெரியணும், அவர் மேலயே புகார்னா அவர்கிட்டயே சொல்ல முடியாதுல்ல.


மடிப்பாக்கம்_செகரட்டரி:

அடேங்கப்பா, நான் ரெண்டு பேர் பதில் போடுவாங்கன்னு பாத்தேன். எல்லாருக்கும் நன்றி. கோவை அக்கா, லாரி மேல ஏறிப் பாக்கணும்னு எனக்கு இதுவரை தோணவே இல்ல, நாங்க ஹோஸ் சத்தம் நின்னா காசு கொடுத்துடுவோம்.

நேத்து அந்த சாரைப் பாத்துப் பேசினேன். கமிட்டியை விட்டு விலகறதுக்கு உடனே ஓகே சொன்னார். 11 மாசத்துக்கு முகம் கொஞ்சம் சுருங்குச்சு, "நான் என்ன வாடகைக்கா வர்றேன்"ன்னார், அப்புறம் அவரே "சரி, எனக்கும் ஒத்து வரலன்னா அதான் வசதி"ன்னுட்டார். காசு கை வழியா போகக்கூடாதுங்கறதுக்கு அவர்தான் முந்திக்கிட்டு சொன்னார், மின்வாரியத்துல அவ்ளோ பாத்திருக்காராம். அவசரத்துக்கு பல்பு, வாஷர் வாங்க 2,000 ரூபாய் மட்டும் கையில, பில்லைக் கொடுத்தா மறுபடி ரொப்பிக்கறது.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ராத்திரி ஷிப்ட் ஏஜென்சி ஆள் இருப்பார், அவர் இவர் பேச்சைக் கேப்பாரா? ரெண்டு, சார் 63 வயசுல மொட்டை மாடில ஓவர்ஹெட் டேங்க் ஏணி ஏறி ஏதாவது ஆச்சுன்னா? அவர் வீட்டம்மா என்கிட்ட தனியா கேட்டது இதைத்தான்.


பெரம்பூர்_மெயின்டனன்ஸ்:

நான் ஃபெசிலிட்டி கம்பெனில சூப்பர்வைசர், பெரிய பில்டிங்தான் பாக்கறேன், ஆனா விஷயம் ஒண்ணுதான் பிரதர்.

ஏஜென்சி ஆள் ஏஜென்சி சொல்றதைத்தான் கேப்பான். அதனால ஏஜென்சிக்கு அசோசியேஷன் லெட்டர்ஹெட்ல எழுதிடுங்க, தினசரி இன்ஸ்ட்ரக்‌ஷன் இவர் கொடுப்பார், வருகைப் பதிவுல இவர் கையெழுத்து இருந்தாத்தான் பில் பாஸ் ஆகும்னு. அந்தக் கையெழுத்து வந்துட்டா தானா மரியாதை வந்துடும். ஆனா உங்க சார்கிட்டயும் சொல்லுங்க, செக்யூரிட்டியை டீ வாங்கிட்டு வா, பால் வாங்கிட்டு வான்னு சொந்த வேலைக்கு அனுப்பக் கூடாது. ஓனர் கேர்டேக்கரா இருக்கற இடத்துல பசங்க முதல்ல பொலம்பறது இதுதான். அந்தப் பையன் 12 மணி நேரம் நிக்கறான், அவனுக்கு ஒரு ஃபேன், ஒரு பாத்ரூம் இருக்கான்னு முதல்ல பாருங்க, முக்கால்வாசி ஆள் மாறறதே அதனாலதான்.

ஏணி விஷயம் சீரியஸ். அவர் பேரு சம்பள லிஸ்ட்ல வந்துட்டா, வேலை நேரத்துல அடிபட்டா கேள்வி அசோசியேஷன் மேலதான் வரும், ஓனர்ங்கறதால விட்டுட மாட்டாங்க. ஒரு பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுங்க, ப்ரீமியம் பெருசா வராது. அதோட பேங்க்ல பிரதமர் சுரக்ஷா பீமா இருக்கு, வருஷம் 20 ரூபாய், 70 வயசு வரைக்கும், விபத்துல உயிர் போனா 2 லட்சம், அது அவர் அக்கவுண்ட்லயே போட்டுக்கலாம். ஆனா பாலிசியை விட முக்கியம், அவர் ஏணி ஏறவே வேண்டாம். டேங்க் கிளீனிங்குக்கு ஆள் கூப்பிடுங்க, ஓவர்ஹெட் டேங்குக்கும் சம்ப்புக்கும் லெவல் சென்சாரோட ஆட்டோமேட்டிக் கண்ட்ரோலர் போடுங்க. சம்ப்ல தண்ணி இல்லன்னா மோட்டார் ஓடாது, உங்க காயிலும் கருகாது, பாதி மன உளைச்சல் அதுலயே போயிடும். லிப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா இவர் சாவி போட்டுக் கதவைத் திறக்கறது எல்லாம் வேண்டாம், லிப்டுக்கு வருஷ பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி) எடுத்திருக்கற கம்பெனி ஆள்கிட்ட முறையா கத்துக்கிட்டு அவங்க எழுதிக் கொடுத்தா மட்டும் பண்ணட்டும். ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கற லிப்ட்ல இருந்து ஆளை இழுக்கப் போய்த்தான் பெரிய விபத்து நடக்குது.

இன்னொண்ணு, யாரும் கேக்கல ஆனா சொல்லிடறேன். செப்டிக் டேங்க், டிரெய்னேஜ் அடைச்சா எந்தக் காரணத்தைக் கொண்டும் ஆளை உள்ள இறக்கக் கூடாதுன்னு அக்ரிமென்ட்லயே எழுதுங்க. மனுஷங்க கையால மலம் அள்ளறதைத் தடை செய்யற 2013 சட்டப்படி குத்தம். சுப்ரீம் கோர்ட் 2023-ல உயிர் போனா நஷ்டஈடு 30 லட்சம்னு ஏத்தியிருக்கு. கேர்டேக்கர்தான் சீக்கிரம் முடியட்டும்னு தெருவுல போற ஆளைக் கூப்பிட்டு 1,000 ரூபாய்க்கு இறக்கி விடுவாங்க. வண்டிதான் வரணும், மெஷின்தான் உறிஞ்சணும், லேட்டானா ஆகட்டும். அவர் மேலயும் கேஸ், செகரட்டரி உங்க மேலயும் கேஸ்.


வேளச்சேரி_பழைய_டிரெஷரர்:

பெரம்பூர் தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் ஒண்ணு சேர்க்கறேன். சாவி. மோட்டார் ரூம், லிப்ட் மெஷின் ரூம், மொட்டை மாடி, பேனல் போர்டு எல்லாத்துக்கும் ரெண்டாவது செட் போட்டு உங்க வீட்ல வைங்க, எந்தெந்த சாவி யார்கிட்டன்னு அக்ரிமென்ட் பின்பக்கத்துலயே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. வேலை எப்படி முடிஞ்சாலும் சாவி வந்தாத்தான் கடைசி மாசக் காசு.

தீர்மானம் போடும்போது அவர் அந்த இடத்துல இருக்க வேண்டாம். காபி குடிக்க வெளிய போகட்டும், அவரோட ஓட்டை எண்ணாதீங்க, அதையும் மினிட்ஸ்ல எழுதுங்க. ஏஜென்சிகிட்ட ரெண்டு கொட்டேஷன் வாங்கி அதையும் மீட்டிங்ல வெச்சுட்டு அப்புறம் இவரைத் தேர்ந்தெடுத்தீங்கன்னா நாளைக்கு எவனும் "சொந்தக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துட்டாங்க"ன்னு பேச முடியாது. வெளிநாட்டு ஓனருங்க இமெயில்ல சம்மதம் அனுப்பட்டும், வாட்ஸ்அப் கட்டைவிரல் எல்லாம் வேண்டாம்.


கோவை_அக்கா:

அந்த சார் வீட்டம்மாவையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிருங்க. சார் வெளிய போயிருந்தா கதவைத் தட்டறது அவங்ககிட்டதான். அவங்க சம்பளத்துல இல்லைங்க.


மடிப்பாக்கம்_செகரட்டரி:

அக்கா சொன்னது கரெக்ட், அதையும் நோட்டீஸ்ல போட்டுடறேன், வீட்டு பெல் அடிக்கக் கூடாது, அசோசியேஷன் போனுக்கு மட்டும்தான் கூப்பிடணும்னு. ஞாயித்துக்கிழமை மீட்டிங். ரெண்டு ஏஜென்சி கொட்டேஷன் கேட்டிருக்கேன், ஒண்ணு வந்தாச்சு, பகல் ஆளுக்கே 17,000 போட்டிருக்கான். அக்ரிமென்ட் டிராஃப்ட் பண்ணிட்டு இங்கயே போடறேன், ஆடிட்டர் ஆபீஸ் சார் ஒரு பார்வை பாத்து சொல்லுங்க. பெரம்பூர் பிரதர், அந்த ஆட்டோமேட்டிக் கண்ட்ரோலர் எங்களது சிங்கிள் பேஸ் மோட்டார், 2 ஹெச்பி, எது போடலாம்?